காரணம்: இருநூறு எழுத்துகளுக்குள்

விடைத்தாளைப் பார்க்கப் பத்து நிமிடம்.
பேனா கூடாது, போன் கூடாது,
பிள்ளையும் கூடாது.
ஐந்நூறு ரூபாய் ரசீதை நாலாக மடித்து
ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டேன்.

"மேரா பேட்டி" என்றேன்.
"மேரீ" என்று திருத்தினார்
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.
பதினோரு வருஷமாகிறது தில்லிக்கு வந்து.
பதற்றம் வந்தால் என் மகள்
இன்னும் ஆண்பாலாகத்தான் வாயில் வருகிறாள்.

இசைவாணி என்ற பெயரைப் பாதியில் நிறுத்தி
"ஈசாயி?" என்றார். கிறிஸ்தவரா என்று.
இல்லை, சங்கீதம் என்று அர்த்தம்.
பாடுவாளா?
பாட மாட்டாள்.
மெட்ரோவில் எந்தப் பெட்டியில் ஏறினால்
எந்த ஸ்டேஷனில் படிக்கட்டுக்கு நேரே இறங்கலாம் என்று
மயூர் விஹாரிலிருந்து துவாரகா வரை சொல்வாள்.
மீத்திறன் வகுப்புக்கான படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.

நாற்பத்தொன்று.
வேண்டியது நாற்பத்துநான்கு.
புரட்டினேன். எல்லாம் சரி.
நாலாம் பக்கத்தில் ஒரு தப்பு,
அதுவும் அவசரத் தப்பு.
அஞ்சு.
அடுத்து எட்டு.

திரும்பப் புரட்டினேன்.
அஞ்சு, எட்டு.
ஓரத்தில் நகத்தை விட்டேன்.
'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம்.
ஆறும் ஏழும்
பனி மாதிரி வெள்ளையாக இருந்தன.
எட்டுக் கேள்விகள். ஒரு பென்சில் கோடுகூட இல்லை.
திருத்தியவரும் பிரித்துப் பார்க்கவில்லை,
எட்டுப் பூஜ்யம் போட்டு நகர்ந்திருக்கிறார்.

மூலையில் ஒரு பழுப்புக் கறை,
கட்டைவிரல் அளவு.
முகர்ந்து பார்த்தேன், வாசனை இல்லை.
நாக்கில் வைத்துப் பார்க்கலாம்,
ஆனால் எதிரே அவர் இருக்கிறார்.

பரீட்சையன்று காலையில்
கேட்டே தெரியாத மூடுபனி.
கீழ்வீட்டு குலாட்டி ஆன்ட்டி
எவர்சில்வர் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.
தயிரும் சர்க்கரையும்.
அவள் மகனுக்கு எல்லாப் பரீட்சைக்கும்
இதே கிண்ணம்தானாம், கனடாவில் இருக்கிறான்.
ஒரு ஸ்பூன் ஊட்டினாள்.
இசை கிண்ணத்தை வாங்கி
அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையை
விரலால் வழித்தாள்.
நாழியாகிறது வா என்று இழுத்தது நான்.
கை கழுவ விடாததும்.

வெளியே வந்ததும் சொன்னாள்:
"பேப்பர் சின்னதும்மா,
எல்லாருக்கும் முன்னாடி முடிச்சிட்டேன்."
அதைப் படியேறும்போதே
ஆன்ட்டியிடம் பெருமையடித்துக்கொண்டதும்
நான்தான்.

"அச்சுக் கோளாறுன்னு போடு,
யாருக்குத் தெரியும்" என்றார் இவர் போனில்.
மறு ஆய்வுக்கான காரணம்,
இருநூறு எழுத்துகளுக்குள்.
தயிர் என்று எழுதி அழித்தேன்.
சர்க்கரை என்று எழுதி அழித்தேன்.
பக்கத்து வீட்டு அன்பு என்று எழுதுவதற்கு
ஆங்கிலத்தில் எனக்கு வரவும் இல்லை.
கடைசியில்,
பக்கங்கள் ஆறும் ஏழும்
ஒட்டிக்கொண்டிருந்தன.
அவ்வளவுதான். யார் ஒட்டினார்கள்,
எது ஒட்டியது, ஒன்றும் இல்லை.
மீதி நூற்றைம்பது எழுத்து
காலியாகவே போனது.

தினமும் படியில் மடக்குகிறாள் ஆன்ட்டி.
"ரிசல்ட் ஆயா?"
"அபி நஹீ."
இந்த அபி நஹீயில்
ஆண்பால் பெண்பால் தொல்லை இல்லை.

திங்கட்கிழமை வகுப்பில் கணக்குத் தேர்வு.
கேட்டருகே கிண்ணம் நின்றிருந்தது.
கறையைப் பற்றி நான் இவளிடம் சொல்லவில்லை,
ஒட்டிய பக்கத்தைப் பற்றியும்.
அப்பீல் என்றால் என்ன என்று மட்டும்
ஒருமுறை கேட்டாள்,
உன் தாளில் எந்தப் பக்கம் ஞாபகம் இருக்கு என்று
நான் ஒருமுறை கேட்டேன்.
அதற்கு மேல் பேச்சில்லை.

ஆன்ட்டி ஸ்பூனை நீட்டினாள்.
இசை
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால்
கட்டிக்கொண்டு
வாயை மட்டும் திறந்தாள்.